அசரியாவின் மிச்ச டப்பா

தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரைக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டின் இரண்டு பக்கமும் அந்தக் காலத்தில் பத்துப் பன்னிரண்டு மெக்கானிக் ஷெட்டுகள் இருந்தன. அசரியாவைக் கேட்டால் ஒன்றுதான் இருந்தது என்பான். மற்றதெல்லாம் தகரக் கொட்டகை, உள்ளே இருந்தவர்கள் லாரிக்குக் கிரீஸ் தடவப் பிறந்தவர்கள். குரோம்பேட்டைக்காரனுக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. பல்லாவரத்துக்காரனுக்குப் பிடிக்கத் தெரியும், விடத் தெரியாது. மரை போகும்வரை முறுக்குவான். பெருங்களத்தூரில் ஒருத்தன் இருந்தான், அவனைப் பற்றிச் சாப்பாட்டு நேரத்தில் பேசவேண்டாம் என்று அசரியாவே நிறுத்திக்கொள்வான்.

வண்டிக்காரர்களைப் பற்றி அவனுடைய அபிப்பிராயம் இதைவிட மோசம். டாக்டருக்கு ஹாரன் அடிக்கத்தான் கார். காண்ட்ராக்டருக்கு மாமனார் வீட்டு வாசலில் நிறுத்தத்தான் கார். கியர் என்று ஒன்று இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. இதையெல்லாம் மனசுக்குள் வைத்துக்கொள்ளும் வழக்கமும் அவனுக்குக் கிடையாது, முகத்துக்கு நேரே சொல்வான். அப்படியும் வாடிக்கை குறையவில்லை என்றால், கை அப்படி. யுத்த காலத்தில் விமானதளத்து லாரிகளைக் கழுவப் போய், கழுவிக்கொண்டே கற்றுக்கொண்டவன். திருப்புளியின் முனையை இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பான். எந்த வால்வு, எந்த பேரிங் என்று சொல்லிவிடுவான். சொன்னால் சொன்னதுதான்.

மெக்கானிக்குகளுக்குள் அப்போது ஒரு வீம்பு இருந்தது. இன்ஜினைப் பிரித்து மறுபடி பூட்டி முடித்தால் நாலு வாஷரும் ரெண்டு போல்ட்டும் மிச்சம் இருக்கவேண்டும். மிச்சம் வைத்தும் வண்டி ஓடினால் அவன் கைகாரன். 'கம்பெனிக்காரன் தண்டமாப் போட்டிருந்தான், கழட்டிட்டேன்' என்று சொல்லிக்கொள்ளலாம். எல்லா ஷெட்டிலும் இதற்கென்று ஒரு டப்பா உண்டு. அசரியாவின் டப்பா பழைய பிஸ்கட் டின். மூடி மூடாத அளவுக்கு நிறைந்திருந்தது. புதிதாக யார் வந்தாலும் அதைக் குலுக்கிக் காட்டுவான். ஊரில் பாதி வண்டிகள் அந்த டப்பாவில் இருப்பது இல்லாமல்தான் ஓடிக்கொண்டிருந்தன.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். போடாததைப் போட்டேன் என்று அசரியா சொன்னதே இல்லை. கீழ்க்கட்டளைப் பக்கம் சிலர் பழைய பேரிங்கையே துடைத்துப் போட்டுவிட்டு, 'புதுசு போட்டாச்சு சார்' என்று தலையாட்டுவார்கள். அவர்களைத்தான் அவன் எல்லோரையும்விடக் கேவலமாக நினைத்தான். அவன் போடவில்லை என்றால் போடவில்லை என்பான், அதுவும் மார்தட்டிக்கொண்டு.

இத்தனை இளக்காரத்துக்கும் நடுவில் அவன் மனசைக் கொடுத்து வைத்திருந்தது ஒரே ஒரு வண்டியிடம். நாற்பத்தொன்பதாம் வருஷத்து எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு. இரண்டே சீட்டு, துணிக்கூரை, கம்பிச் சக்கரம். தேயிலைத் தோட்டத்து துரை ஒருவர் ஊருக்குக் கப்பலேறும்போது தன் கம்பெனியில் கணக்கு அதிகாரியாக இருந்த ஸ்ரீநிவாசராகவனிடம் விற்றுவிட்டுப் போனது. எட்டு வருஷமாக அசரியாவைத் தவிர வேறு யாரும் அதன் பானட்டைத் திறந்ததில்லை. மாதத்தில் ஒரு நாள் அது ஷெட்டுக்கு வரும். அன்றைக்கு லாரிக்காரன் அழுதாலும் கவனிக்கமாட்டான்.

ஸ்ரீநிவாசராகவன் அந்த வண்டிக்குப் பொருத்தமில்லாத ஆசாமி என்பது அசரியாவின் தீர்மானம். நெற்றியில் ஸ்ரீசூர்ணம், கழுத்தில் கம்பளி மஃப்ளர், அதுவும் சித்திரை வெயிலில். மணிக்கு முப்பது மைலைத் தாண்டினால் உதடு எதையோ முணுமுணுக்கும். ஆனால் மனுஷருக்கு ரேஸ் ஆசை. சோழவரத்தில் வருஷா வருஷம் பழைய கார்களுக்கென்று ஒரு பந்தயம் நடக்கும். மூன்று வருஷம் கலந்துகொண்டு மூன்று வருஷமும் கடைசிக்கு முந்தின இடம். கடைசி இடத்துக்கு வந்த கார் நடுவில் நின்றுபோனதால்தான் அந்த முந்தின இடமும் கிடைத்தது.

அறுபத்தொன்பது தீபாவளி கழிந்து ஒரு மரப்பெட்டி வந்தது. அவருடைய மச்சினன் கப்பலில் வேலை பார்த்தவன், இங்கிலாந்திலிருந்து வாங்கி வந்தான். உள்ளே ஒரு சூப்பர்சார்ஜர், அதைப் பொருத்தத் தேவையான பிராக்கெட்டு, புல்லி, பெல்ட், குழாய்கள், மேலே பச்சை அட்டை போட்ட இங்கிலீஷ் புத்தகம். சாதாரண இன்ஜின் தன்னால் முடிந்த காற்றைத்தான் இழுத்துக்கொள்ளும். இது பெல்ட்டில் சுற்றி, காற்றையும் பெட்ரோலையும் உள்ளே திணிக்கும். திணித்தால் வேகம்.

"முடியுமா அசரியா உன்னால?" என்று கேட்டார் ஸ்ரீநிவாசராகவன். "முடியாதுன்னா இப்பவே சொல்லிடு. மவுண்ட் ரோடுல குடுத்துடறேன். அங்க துரைராஜ்னு ஒருத்தன், இதுல கெட்டிக்காரனாம். நன்னாப் போட்டா வண்டி என்னிக்கும் உன்கிட்டதான். சொதப்பினா அப்பறம் அவன்கிட்டதான்."

துரைராஜ் என்ற பெயரைக் கேட்டதும் அசரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துரைராஜ் வேறு யாருமில்லை, அசரியாவின் மனைவி பியூலாவின் தம்பி, அவனுடைய சொந்த மச்சான். மவுண்ட் ரோடில் பெரிய ஒர்க்ஷாப்பில் வேலை. பையில் பெயர் தைத்த வெள்ளை உடுப்பு. ஒவ்வொரு நட்டையும் எத்தனை இறுக்கம் என்று புத்தகத்தில் பார்த்து, அதற்கென்று முள் வைத்த ஸ்பேனரால் இறுக்குகிறவன். அசரியாவுக்கு அது வேலையே அல்ல, தபாலாபீஸ் உத்தியோகம்.

"இன்னா சார் இப்படிக் கேட்டுட்ட? அவன் புக்கைப் பாத்துதான் மூக்கையே சொறிவான். குட்த்துட்டுப் போ சார். பத்து நாள்ல வந்து ஓட்டிக்கினு போ," என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து துரைராஜ் வீட்டுக்கு வந்தான். விஷயம் அவன் காதுக்கும் எட்டியிருந்தது.

"மச்சான், அந்த புக்கை ஒரு தடவை நான் படிச்சுச் சொல்லட்டுமா? ஒரு மணி நேரம் போதும்."

"நீ சோறு துண்ணுட்டுக் கெளம்பு மச்சான். புக்கு படிச்சி எவனும் வண்டி ஓட்டினதில்ல."

அசரியாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது. அதனால் புத்தகங்களே வீண் என்ற கொள்கைக்கு வந்திருந்தான். பச்சை அட்டைப் புத்தகம் அவன் வீட்டு அலமாரியில் பைபிளுக்குக் கீழே போய்ச் சேர்ந்தது.

வேலை நன்றாகத்தான் நடந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். இரண்டு கார்புரேட்டரையும் கழற்றினான். இன்ஜினின் பக்கவாட்டில் சூப்பர்சார்ஜரைத் தாங்க பிராக்கெட்டை நிறுத்தினான். புல்லி இரண்டும் ஒரே கோட்டில் வர நூல் பிடித்துப் பார்த்தான். மயிரிழை விலகியிருந்தது, அரத்தால் தேய்த்துச் சரிசெய்தான். மவுண்ட் ரோடு ஒர்க்ஷாப்பில் அந்த நேர்த்தி வராது. இன்ஜினிலிருந்து சூப்பர்சார்ஜருக்கு எண்ணெய் போக ஒரு மெல்லிய குழாய். அதன் வாயில் போட ஒரு பித்தளைத் துண்டு காகிதத்தில் சுற்றியிருந்தது. சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஓட்டை.

அசரியா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், பிறகு சிரித்தான். எண்ணெய் போகும் வழியில் யாராவது அடைப்பு வைப்பார்களா? எண்ணெய்தான் இன்ஜினுக்கு உயிர். அதில்கூடக் கஞ்சத்தனம் பண்ணுகிறான் வெள்ளைக்காரன். பித்தளைத் துண்டு டப்பாவில் விழுந்தது. குழாயை நேராக மாட்டினான்.

மூன்றாம் வகுப்பு டீச்சரான பியூலாவுக்கு எழுத்து எங்கே இருந்தாலும் படித்துவிடவேண்டும். வேர்க்கடலை சுற்றி வந்த காகிதத்தையும் விடமாட்டாள், பச்சை அட்டையை விடுவாளா? இரண்டு நாளில் படித்து முடித்தாள். பாதி புரியவில்லை. ஒரு இடம் மட்டும் நன்றாகப் புரிந்தது. சாப்பாடு போடும்போது கேட்டாள்.

"என்னங்க, எண்ணெய்க் குழாய்ல ஒரு சின்ன பித்தளை போடணுமாமே. போட்டீங்களா? பதினாலாம் பக்கத்துல தடிச்ச எழுத்துல இருக்கு. அது இல்லாம ஓட்டவே கூடாதாம்."

"தடிச்ச எழுத்தா? அப்ப பயந்துட வேண்டியதுதான்," என்றான் அசரியா. "நீ மூணாங்கிளாஸுக்குப் பாடம் நடத்து டீச்சரம்மா. இன்ஜின் உன் க்ளாஸ்ல படிக்கல."

பியூலா ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போனாள். பதினாலாம் பக்கத்தின் முனையை மட்டும் மடித்து வைத்தாள்.

வண்டலூர் கேட் வரைக்கும் சோதனை ஓட்டம் போனார்கள். அசரியா ஓட்டினான், ஸ்ரீநிவாசராகவன் பக்கத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெருங்களத்தூர் தாண்டி மிதித்ததும் வண்டி எகிறியது. மஃப்ளர் கழன்று பின்னால் பறந்து போயிற்று, யாரும் நிறுத்தவில்லை. ஒரு டாக்சியையும் இரண்டு பஸ்ஸையும் தாண்டினார்கள். ஸ்ரீநிவாசராகவன் இந்தத் தடவை முணுமுணுக்கவில்லை, சத்தமாகவே பெருமாளைக் கூப்பிட்டார். அசரியாவுக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் அவன் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

திரும்பி வந்து நிறுத்தினபோது பின்னால் நீலமாகப் புகை. ஸ்ரீநிவாசராகவன் மூக்கை மூடிக்கொண்டு கேட்டார். "புதுச் சாமான் சார், ரெண்டு நாளைக்கிப் பொகையும். அப்பறம் தானா அடங்கிடும்," என்றான் அசரியா. எண்ணெய் அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்தான். அரை கம்பி குறைந்திருந்தது. ஊற்றிவிட்டு அதைப் பற்றி யோசிக்காமல் விட்டான். யோசிக்காமல் விட அவனுக்கு நன்றாகவே வரும்.

பிப்ரவரியில் சோழவரம். பழைய கார்களின் பந்தயம், ஆறு சுற்று. முதல் சுற்றில் ஸ்ரீநிவாசராகவன் ஓட்டிய சிவப்புக் கார் நாலாவதாக வந்தது. இரண்டாவது சுற்றில் இரண்டாவது. அசரியா மணல் மூட்டை மேல் ஏறி நின்று, யாரென்றே தெரியாத ஒரு மனுஷரின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான். மூன்றாவது சுற்றில் காரைக் காணோம், புகைதான் வந்தது. பின்னால் வந்தவர்களுக்கு ரோடு தெரியாமல், கையை வெளியே நீட்டித் திட்டிக்கொண்டு வந்தார்கள். புகைக்குள்ளிருந்து 'டக டக டக' என்று ஒரு சத்தம். அசரியாவுக்குத் திருப்புளி தேவைப்படவில்லை. பேரிங் போய்விட்டது. பிறகு சத்தமும் நின்றது. ஜனங்கள் கைதட்டிச் சிரித்தார்கள். ஒருத்தன், 'கொசு மருந்து அடிக்கிற வண்டி எப்படி உள்ளே வந்துச்சு?' என்று கத்தினான்.

மறுநாள் ஷெட்டில் இன்ஜினின் அடிப்பாத்திரத்தைக் கழற்றினான். சொட்டு எண்ணெய் இல்லை. எல்லாம் அந்த மெல்லிய குழாய் வழியாகச் சூப்பர்சார்ஜருக்குப் போய், அங்கிருந்து இன்ஜினுக்குள் போய்ப் புகையாகி, சோழவரத்து வானத்தில் கலந்திருந்தது. அடைப்பு எதற்கு என்று அப்போது அவனுக்குப் புரிந்தது. ஊசி நுழையும் ஓட்டை வழியாகப் போகவேண்டியதை அவன் குடம் குடமாக ஊற்றியிருக்கிறான்.

ஸ்ரீநிவாசராகவன் வந்தார். அவருக்குக் கோபம் அசரியா மேல் இல்லை. "ஏமாத்திட்டான்யா இங்கிலீஷ்காரன். மட்டமான சரக்கைத் தலையில கட்டிட்டான். இன்னிக்கே லெட்டர் போடறேன், நாலு வார்த்தை உறைக்கிற மாதிரி எழுதறேன். உன் வேலையில ஒரு குறையும் இல்ல, நான்தான் கண்ணால பார்த்தேனே."

உண்மையைச் சொன்னால் வண்டி போய்விடும், வெள்ளை உடுப்புக்குப் போய்விடும். "ஆமா சார்," என்றான் அசரியா.

ஊரில் அத்தனை பேரையும் வாய் ஓயாமல் ஏசியவன், அந்த ஒரு 'ஆமா'வுக்குப் பிறகு யாரையும் ஏசவில்லை. குரோம்பேட்டைக்காரன் எதிரே வந்தபோது டீ சாப்பிடலாமா என்று கேட்டான். அவன் பயந்தே போனான். இரண்டு மாதம் அசரியா அந்த இன்ஜினைச் செதுக்குகிற மாதிரி மறுபடி கட்டினான். ஒவ்வொரு வாஷரையும் இருந்த இடத்திலேயே போட்டான். அந்த முறை டப்பாவில் ஒன்றுமே விழவில்லை. அதிலிருந்து பித்தளைத் துண்டை எடுக்கமட்டும் கை வராமல், எண்ணெய்க் குழாயைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தான். பியூலா தினமும் சாப்பாடு போட்டாள், புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. 'அப்பவே சொன்னேனே' என்று ஒரு தரமாவது சொல்லித் தொலைக்கமாட்டாளா என்று அவனுக்கு இருந்தது.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, பியூலா கேரியரில் சாப்பாடு கொண்டுவந்திருந்த நேரம், ஸ்ரீநிவாசராகவன் கையில் ஒரு கவருடன் வந்தார். இங்கிலாந்திலிருந்து பதில்.

"ரொம்ப மரியாதையாத்தான் எழுதியிருக்கான். நடந்ததுக்கு வருத்தப்படறானாம். எண்ணெய்க் குழாய் வாயில ஒரு சின்ன சாமான் போடணுமாம், பெட்டியில வைக்கத் தவறியிருக்குமோன்னு சந்தேகமாம். அதான் ஒண்ணு கூடவே அனுப்பியிருக்கான்." கவரைக் கவிழ்த்தார். உள்ளங்கையில் பித்தளைப் பொத்தான் விழுந்தது. "பாரு, அவனே ஒத்துக்கிட்டான். பெட்டியில இல்லைதானே இது?"

தலையை ஆட்டினால் போதும். சொல்லக்கூட வேண்டாம். கடல் தாண்டி ஒருத்தன் அவனுக்காகப் பொய்யை மடித்துத் தபாலில் அனுப்பியிருந்தான். கேரியரைக் கையில் பிடித்துக்கொண்டு பியூலா நின்றாள். அவள் அவனைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழ்க்கட்டளைத் தலையாட்டிகள் ஞாபகம் வந்தார்கள். அசரியா எழுந்துபோய் டப்பாவை எடுத்து வந்தான். பெஞ்சின் மேல் அப்படியே கொட்டினான். விரலால் கிளறி, அந்தக் குவியலிலிருந்து ஒன்றை எடுத்து, அவர் கையிலிருந்ததற்குப் பக்கத்தில் வைத்தான்.

"இதோட அண்ணன் சார். பெட்டியிலதான் இருந்திச்சி. நான்தான் போடல. வூட்ல சொன்னாங்க, அப்பவும் போடல."

ஸ்ரீநிவாசராகவன் இரண்டையும் பார்த்தார். பிறகு குவியலைப் பார்த்தார். "இதெல்லாம் என்னய்யா?"

"மிச்சம் சார்."

"எந்த வண்டியோடது?"

"எல்லா வண்டியோடதும் கீது."

"என் வண்டியோடது?"

அசரியா ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒதுக்கினான். எது எந்த வருஷம், எங்கே இருந்தது என்று அவனுக்கு மறக்கவில்லை. வாஷர், பின், ஸ்பிரிங், இடது முன்சக்கரத்து நட்டு கழலாமல் காக்கும் பூட்டுத் தகடு. பதினேழு. பூட்டுத் தகடு என்றதும் ஸ்ரீநிவாசராகவன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"எட்டு வருஷமா இதெல்லாம் இல்லாமயா ஓட்டிண்டிருந்தேன்?"

"ஓடிச்சே சார்..." என்று பழக்க தோஷத்தில் ஆரம்பித்தவன், பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"துரைராஜை வரச் சொல்றேன்," என்றார் அவர். திட்டவில்லை. திட்டியிருந்தால் அசரியாவுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் பதினேழையும் பெட்ரோலில் கழுவித் துடைத்தான். இரண்டு மாதமாக அந்த இன்ஜினைக் கட்டியவன், இதையும் தானே மாட்டிவிடலாம். ஆனால் அந்த வண்டியில் ஸ்பேனர் வைக்கும் உரிமை நேற்றோடு போய்விட்டது. பியூலா பள்ளிக்கூடத்து அட்டையைச் சின்னச் சின்னதாக வெட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் ஒவ்வொன்றும் எங்கே போகவேண்டும் என்று சொல்லச் சொல்ல, அவள் தடித்த எழுத்தில் எழுதி நூலில் கட்டினாள்.

திங்கட்கிழமை துரைராஜ் இழுவை லாரியோடு வந்தான். அவன் இளித்துக்கொண்டு வருவான் என்று அசரியா எதிர்பார்த்திருந்தான். அதற்கென்று நாலு பதிலும் தயாராக வைத்திருந்தான். துரைராஜ் இளிக்கவில்லை. காரைச் சுற்றி வந்தான், புல்லிகளைக் குனிந்து பார்த்தான், நூல் பிடித்த மாதிரி நின்றதைத் தடவினான்.

"இப்படி எங்க ஒர்க்ஷாப்ல யாரும் நிறுத்தமாட்டாங்க மச்சான்," என்றான். "வண்டியைப் பத்தி ஏதாவது சொல்லணுமா?"

"காலையில சோக்கைப் பாதிதான் இய்க்கணும். முழுசா இய்த்தா அதுக்கு மூச்சு முட்டும்," என்றான் அசரியா. சொல்லிவிட்டுத் தள்ளிப் போனான்.

சங்கிலி மாட்டினார்கள். சிவப்புக் காரின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. லாரி கிளம்பி ரோட்டில் ஏறும்போது அசரியா பின்னாலேயே ஓடிப்போய்க் கதவைத் தட்டினான். நிறுத்தினார்கள். ஜன்னல் வழியாக ஒரு துணி மூட்டையை உள்ளே நீட்டினான். உள்ளே பதினேழு துண்டும், இரண்டு பித்தளைப் பொத்தானும், முனை மடித்த பச்சைப் புத்தகமும் இருந்தன.

"இத்தையும் எட்த்துக்கினு போ மச்சான்," என்றான். "வண்டி முழுசாப் போவட்டும்."